ஆடிய ஆட்டமும் அதன் பதிவும்

விளையாட்டு என்பது நிகழும்பொழுதே மறையும் தன்மையது. ஓவியன் தீட்டிய படம் சுவரில் தங்கும். தச்சன் செய்த நாற்காலி வீட்டில் நிலைக்கும். ஆடியவனுடைய திறமையோ ஆட்டம் முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும். ஆதலால், ஆடியதைக் குறித்துவைத்து, வேண்டும்பொழுது மீண்டும் காண வேண்டும் என்ற ஆவல் மனிதனுக்கு நெடுநாளாகவே இருந்து வருகிறது. இன்று நம் இல்லங்களில் இளைஞர் ஆடும் வீடியோ விளையாட்டுகளில் உள்ள பதிவு வசதியும் மறுகாட்சி வசதியும் அந்த ஆவலின் விளைவுகளே. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைக் காக்கின்றன, எவற்றைக் கைவிடுகின்றன என்பதை இங்கே ஆராய்வோம்.

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ் மக்களுக்கு இதற்கான சிறந்ததொரு சான்று தம் நகரத்து வரலாற்றிலேயே கிடைக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், ஜான் காக்ரேன் என்னும் ஸ்காத்லாந்து வழக்கறிஞர் இந்நகரில் தொழில் செய்துவந்தார். அவர் சதுரங்கத்தில் வல்லவர். வங்காளத்துக் கிராமப்புறத்தைச் சேர்ந்த மஹேஷ் சந்திர பானர்ஜி என்பவருடன் 1848 முதல் 1860 வரை அவர் சில நூறு ஆட்டங்கள் ஆடினார். அவ்வாட்டங்களின் நகர்த்தல்கள் குறித்துவைக்கப்பட்டன. சில லண்டன் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. 1855-இல் நடந்த ஓர் ஆட்டத்தில் மஹேஷ் சந்திரர் கையாண்ட தொடக்கமுறையை, 1922-இல் வியன்னா நகரத்து எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்டு மீண்டும் கையாண்டு உலகறியச் செய்தார். இன்று அம்முறை கிரூன்ஃபெல்டு பெயராலேயே வழங்குகிறது. ஆயினும், அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்னரே கல்கத்தாவில் அது ஆடப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. மஹேஷ் சந்திரருடைய வாழ்க்கையைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் செய்திகள் மிகச் சில. அவருடைய ஆட்டத்தையோ நாம் இன்றும் பலகையில் அடுக்கி, நகர்த்தல் நகர்த்தலாக மீண்டும் ஆடிப் பார்க்கலாம்.

இது எவ்வாறு இயன்றது? சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பெயராக உள்ளன. எந்தக் காய் எந்தக் கட்டத்திற்குச் சென்றது என்று எழுதிவிட்டால் போதும். தொடக்க நிலை எல்லா ஆட்டத்திற்கும் ஒன்றே, விதிகளும் ஒன்றே. எனவே, 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் நம் சென்னை இளைஞர் குகேஷ் உலகப் பட்டம் வென்ற ஆட்டத்தின் 58 நகர்த்தல்களும் நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இங்கே பதிவு செய்யப்படுவது படம் அன்று; செயல். அச்செயலை விதிகளோடு சேர்த்தால் ஆட்டம் முழுவதும் மீண்டும் உயிர்பெறுகிறது.

கணினி விளையாட்டுகளும் முதலில் இவ்வழியையே பின்பற்றின. 1993-இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அது காலத்தை நொடிக்கு 35 கூறுகளாகப் பகுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கூற்றிலும் ஆடுபவர் முன்பின்னாக எவ்வளவு நகர்ந்தார், பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தார், எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்னும் நான்கு செய்திகளை மட்டும் நான்கு பைட்டுகளில் எழுதிவைக்கிறது. அதன்படி ஒரு நிமிட ஆட்டத்திற்கு 8,400 பைட்டுகளே ஆகின்றன. மீண்டும் காண விரும்பினால், கணினி அதே விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓட்டி, மனிதருடைய கைக்குப் பதிலாக அந்தக் குறிப்புகளைக் கொடுக்கிறது. தற்செயலாக நிகழ்வனபோலத் தோன்றும் நிகழ்ச்சிகளும் அதில் 256 எண்கள் கொண்ட நிலையான பட்டியலொன்றிலிருந்தே பிறக்கின்றன. ஆதலால் எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு மாறுவதில்லை.

இம்முறையில் குறையும் உண்டு. விளையாட்டின் பதிப்பு மாறி, விதியில் இம்மியளவு வேறுபாடு நேர்ந்தாலும் மறுகாட்சி தடம் புரண்டுவிடும். கதவு திறக்க ஒரு கணம் தாமதித்தால், வீரன் மூடிய கதவில் மோதிக்கொண்டு, இல்லாத பகைவனை நோக்கிச் சுட்டுக்கொண்டிருப்பான். குறிப்பு சரியாகவே இருக்கிறது. அதைப் பொருள்படுத்தும் உலகம்தான் மாறிவிட்டது.

இனி, திறந்த உலக விளையாட்டுகளுக்கு வருவோம். வகுத்த பாதையிலே செல்லாமல், பரந்த நகரத்திலோ காட்டிலோ ஆடுபவர் தம் விருப்பப்படி திரிந்து ஆடும் விளையாட்டுகளை அவ்வாறு அழைக்கின்றனர். லேக் மார்க்கெட்டை ஒட்டிய ராஷ்பிஹாரி அவென்யூவை அத்தகைய விளையாட்டில் அமைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூச்சரம் விற்போர், வாழையிலைக் கட்டு சுமப்போர், பேருந்துகள், ஆட்டோக்கள், திடீரெனப் பொழியும் மழை ஆகிய ஒவ்வொன்றையும் கணினியே கணந்தோறும் இயக்குகிறது. ஆடுபவர் அழுத்திய பொத்தான்களை மட்டும் குறித்துவைத்தால், மறுமுறை ஓட்டும்பொழுது அதே ஆட்டோ அதே கணத்தில் குறுக்கே வரும் என்று சொல்ல இயலாது.

ஆகவே, இங்கே இரண்டாவது முறை ஒன்று தேவைப்படுகிறது. செயலைக் குறிப்பதற்கு மாறாக, ஆடுபவரைச் சூழ்ந்துள்ள பொருள்கள் ஒவ்வொரு கணத்திலும் எங்கே, எந்நிலையில் இருந்தன என்பதைக் குறித்துவைப்பது இம்முறை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' என்னும் விளையாட்டின் கணினிப் பதிப்பில் 2015-ஆம் ஆண்டு 'ராக்ஸ்டார் எடிட்டர்' என்ற வசதி இடம்பெற்றது. அவ்விளையாட்டு வயதுவந்தோர்க்கு மட்டுமே உரியது என்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த வசதியின் துணைகொண்டு, ஆடி முடித்த காட்சியில் காமிராவை இடம் மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், திரைப்படம்போலத் தொகுக்கலாம். சிறுவர் விரும்பும் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டிலும் 'ரீப்ளே மாட்' என்னும் இணைப்பின் வாயிலாக இத்தகைய மறுகாட்சி கிடைக்கிறது. தொலைவிலுள்ள கணினி ஆடுபவருக்கு அனுப்பும் செய்திகளையெல்லாம் அது வரிசையாகச் சேமித்து, பின்னர் அவற்றிலிருந்து உலகத்தை மீண்டும் கட்டுகிறது. ஆயினும் இக்காமிராவுக்கும் எல்லை உண்டு. ஆடியபொழுது ஆடுபவரைச் சூழ்ந்திருந்த பகுதியின் செய்திகளே பதிவில் உள்ளன. அதற்கு அப்பால் சென்று பார்த்தால், பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

மூன்றாவது முறை யாவரும் அறிந்தது: திரையில் தோன்றுவதை அப்படியே படமாகப் பிடிப்பது. 2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 கருவியில் இதற்கென்றே 'ஷேர்' என்னும் பொத்தானை அமைத்தனர். அக்கருவி ஆட்டத்தின் கடைசி 15 நிமிடங்களை இடைவிடாமல் பதிவுசெய்து, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். அழியுமுன் ஆடுபவர் பொத்தானை அழுத்தினால் அக்காட்சி தங்கும், அழுத்தாவிடில் மறையும். படமாகப் பிடித்தலுக்கு இடமும் மிகுதியாக வேண்டும். நொடிக்கு 80 இலட்சம் பிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு நிமிடத்திற்கு 60 மெகாபைட் ஆகும். 'டூம்' குறிப்புகளோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 7,000 மடங்கு. மேலும், பிடித்த கோணத்தை மாற்ற இயலாது. ஆனால் அதற்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. விளையாட்டே இல்லாத இடத்திலும் அதனைப் பார்க்கலாம்.

இம்மூன்று முறைகளுள் எது சிறந்தது என்பது, நாம் எதைக் காக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. தவற்றைக் கண்டு திருத்திக்கொள்ள விரும்புவோர்க்கு முதலிரண்டு முறைகளும் பெரிதும் பயன்படும். எதிரியின் பக்கமிருந்தும் ஆட்டத்தைப் பார்க்கலாம் அன்றோ? ஆனால், வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவ்விளையாட்டுகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பேசும் லேக் மார்க்கெட்டுச் சிறுவன், மதுரையிலுள்ள அத்தை மகனோடு மாலைதோறும் சேர்ந்து ஆடும்பொழுது வாய் நிறையத் தமிழ் பேசுகிறான். "டேய், இந்தப் பக்கம் வாடா, பாலம் கட்டியாச்சு" என்ற அந்தக் குரல் நகர்த்தல் குறிப்பில் இடம்பெறுவதில்லை. மஹேஷ் சந்திரருடைய நகர்த்தல்கள் நமக்குக் கிடைத்தன. அவர் ஆடுகையில் என்ன பேசினார், எப்படிச் சிரித்தார் என்பது கிடைக்கவில்லை. குரலையும் காக்க விரும்புவோர் ஒலியோடு கூடிய படப்பதிவையே நாட வேண்டும். சில கருவிகளில் தோழருடைய குரல் தானாகப் பதிவாவதில்லை. அவரும் தம் கருவியில் இசைவு தர வேண்டும். அது நல்ல ஏற்பாடே. பிறர் குரலை அவர் அறியாமல் பதிந்து ஊரெல்லாம் பரப்புவது முறையன்று என்பதைப் பிள்ளைகளுக்கு நாமும் எடுத்துரைக்க வேண்டும்.

பதிவு செய்துவிட்டோம் என்பதனாலேயே அது நிலைத்துவிடும் என்று எண்ணுதலும் கூடாது. 2024 பிப்ரவரியில், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கருவிகளில் ராக்ஸ்டார் எடிட்டர் வசதி நிறுத்தப்பட்டது. தொகுத்து முடிக்காத காட்சிகளை அதற்குள் படக்கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வாறு மாற்றியவை இன்றும் ஓடும். மாற்றாதவற்றைத் திறந்து பார்க்க அக்கருவியில் வழியில்லை. மாறாக, அதே விளையாட்டின் இணைய உலகிலே, இங்கிலாந்தில் நோய்த்தொற்றின் காரணமாக நாடக அரங்குகள் மூடிக் கிடந்த காலத்தில், வேலையிழந்த நடிகர் இருவர் ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லட்' நாடகத்தை நடத்த முற்பட்டனர். அம்முயற்சி விளையாட்டுக்குள்ளேயே படமாக்கப்பட்டு, 'கிராண்ட் தெஃப்ட் ஹேம்லட்' என்னும் ஆவணப்படமாக 2024-இல் வெளிவந்தது. விளையாட்டை ஒருபோதும் ஆடாதவர்களும் அதனைப் பார்த்து மகிழ்ந்தனர்.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. மறுகாட்சிக் கோப்பு கற்பதற்கு உதவும். அதனை விளையாட்டின் பதிப்பெண்ணோடும் நாளோடும் குறித்துவையுங்கள். நெடுநாள் காக்க வேண்டியதைப் படக்கோப்பாக மாற்றி, விளையாட்டுக் கருவியிலன்றி வேறோரிடத்திலும் ஒரு படி வைத்திருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துவைக்க முயலாமல், மாதத்திற்கு ஒன்றிரண்டு காட்சிகளைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். யார் யார் ஆடினர், எந்த ஊரிலிருந்து ஆடினர் என்பதையும் அவர்களே தமிழில் எழுதட்டும். பத்தாண்டுகள் கழித்து அவர்கள் அக்காட்சிகளைத் திறக்கும்பொழுது, அன்று யார் வென்றார் என்பதைவிட, யாரோடு சேர்ந்து ஆடினோம் என்பதே அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தரும்.