கைதட்டலுக்கு முன் மேடையை விட்டிறங்கியவர்



ஞாயிறு திருப்பலியில் உங்கள் மகனோ மகளோ பாடகர் குழாத்தில் நின்று பாடுகையில் உங்கள் உள்ளம் பூரிப்பதுண்டு. திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, "பிள்ளை நன்றாகப் பாடியது" என்று எவரேனும் சொல்லிவிட்டால் அந்தப் பூரிப்பு இரட்டிப்பாகும். அதில் தவறேதுமில்லை. ஆனால் அந்தப் பாராட்டு வாரத்துக்கு ஒரு சொல்லாக அன்றி, ஒவ்வோர் இரவும் ஆயிரம் பேரின் கரவொலியாக வந்தால்? அதன் பின்னே பணமும் வந்தால்? இறைவனைப் பாடப் புறப்பட்டவர் எத்தனை காலத்துக்கு இறைவனையே பாடிக்கொண்டிருப்பார்?

அமெரிக்காவில் கிறிஸ்தவ இசை 1970களிலிருந்து ஒரு பெரும் வணிகமாக வளர்ந்தது. அங்கே ஊர் ஊராகச் சென்று பாடுவோரின் வாழ்வு வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுமளவுக்கு இனியதன்று. இன்று ஓர் ஆலய மண்டபம், நாளை ஒரு கல்லூரி விளையாட்டரங்கு. பிற்பகலில் ஒலிபெருக்கிகளை இறக்கிச் சரிபார்க்க வேண்டும். இரவு பாட வேண்டும். பாடி முடித்ததும் வாசலில் இசைத்தட்டுகளையும் மேலாடைகளையும் விற்கும் மேசையருகே நின்று புன்னகைக்க வேண்டும். நள்ளிரவில் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றி, ஓடும் வண்டியிலேயே உறங்கி, விடியும்போது பெயர் மறந்துபோன இன்னோர் ஊரில் கண்விழிக்க வேண்டும். ஆலயங்கள் பலவற்றில் பாடுபவருக்குத் தம் சொந்த ஆலயத்தில் அமர்ந்து வழிபட ஒரு ஞாயிறு கிடைப்பது அரிது.

இந்தப் பாதையில் நடந்தவர்களுள் றிச் மலின்ஸ் என்பவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன். 1955ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்த இவர், கத்தோலிக்கர் அல்லர். 1988இல் வெளிவந்த 'ஓசம் கோட்' என்னும் இவருடைய பாடல், அமெரிக்க ஆலயங்களில் சபைப் பேதமின்றிப் பாடப்பட்டது. அந்தப் புகழோடு பெருவருமானமும் வந்தது. அதை அவர் கையாண்ட விதமே நாம் கவனிக்க வேண்டியது.

தம் வருமானம் முழுவதையும் தாம் சார்ந்திருந்த சபையின் மூப்பர்களிடம் ஒப்படைத்தார். சாதாரண அமெரிக்கத் தொழிலாளி ஒருவர் பெறும் சராசரிச் சம்பளத்தை மட்டும் தமக்குத் தரும்படியும், மிகுதியை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். மொத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தமக்குச் சொல்லவே வேண்டாம் என்றார். தொகையை அறிந்துவிட்டால் கொடுப்பது கடினமாகிவிடும் என்பது அவரது எண்ணம். தம் மனவுறுதியை நம்பாமல் வேலியை முன்கூட்டியே போட்டுக்கொண்ட இந்த எச்சரிக்கையை நான் அவரது பாடல்களிலும் மேலாக மதிக்கின்றேன்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களைப் பணப்பையும் மிதியடியும் இன்றி, இருவர் இருவராக அனுப்புவதை நீங்கள் அறிவீர்கள். மலின்ஸ் மேடையிலும் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நின்றார். புனித பிரான்சிஸ் அசிசியார்மீது அவர் கொண்ட பற்று ஆழமானது. நண்பர்களோடு சேர்ந்து, அப்புனிதரின் 'சின்னத் தம்பிகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட சிறு சகோதரத்துவம் ஒன்றை உருவாக்கினார். பிரான்சிஸ் அசிசியாரைக் கன்சாஸ் சமவெளியின் மாட்டிடையராக மாற்றி இசைநாடகம் ஒன்றையும் ஆக்கினார்கள். 1993இல் வந்த அவரது இசைத்தொகுப்பின் முற்பகுதி வழிபாட்டு முறையைத் தழுவி அமைந்தது; அதில் நாம் செபிக்கும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்துக்கும் இசையமைத்திருந்தார்.

அவரைப் புனிதராக்கி உங்கள் முன் நிறுத்த நான் முயலவில்லை. மதுவோடு அவர் நெடுங்காலம் போராடினார். வீட்டிலிருந்து வெகு தொலைவில், தம்மை அறிந்தவர் எவருமற்ற நகரங்களில் சோதனை எவ்வாறு வரும் என்பதை அவர் மறைக்கவுமில்லை. அம்ஸ்ரர்டாம் நகரில் ஓரிரவு சோதனையோடு மல்லாடியதிலிருந்தே தம் பாடலொன்று பிறந்ததென்று மேடையிலேயே சொல்லியிருக்கின்றார். பயணத்தின் களைப்பு உடலைத்தான் வாட்டும். அந்தத் தனிமை ஆன்மாவைத் தேடி வரும். பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து தூரதேசம் சென்றோர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்தக் கைதட்டல். நிகழ்ச்சியின் முடிவில் மக்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு புகழ்ப்பாடலை அவர் தொடங்குவார். அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடும். அவர்கள் கண்மூடிப் பாடிக்கொண்டிருக்கையில் ஓசையின்றி மேடையை விட்டு இறங்கிவிடுவார். பாடல் முடிந்து அவர்கள் கண்திறக்கும்போது கைதட்டுவதற்கு அங்கே எவரும் இருக்கமாட்டார்.

1995இல், புகழ் உச்சியிலிருக்கும்போதே, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நாவஹோ பழங்குடியினர் வாழும் பகுதிக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள சிறுவர்களுக்கு இசை கற்பித்தார். இசைப்பயணங்களை முற்றாக விடவில்லை; ஆனால் திரும்பி வரும் வீடு அவ்வறியவர் நடுவே இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்புவோருக்கான மறைக்கல்வியையும் அவர் பெற்றிருந்தார். திருச்சபையில் சேரத் தாம் தயாரென அவர் சொன்னதாக அவரை அறிந்த குருவானவர் ஒருவர் பின்னர் கூறினார். நெருங்கியோர் சிலர் அதை வேறுவிதமாகப் பார்க்கின்றனர். எவ்வாறாயினும் அந்த நாள் வரவில்லை.

1997 செப்டெம்பர் 19ஆம் திகதி இரவு, கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில் நடக்கவிருந்த நிதியுதவி நிகழ்ச்சியொன்றுக்காக மலின்ஸும் ஓர் இளம் இசைத்தோழரும் ஜீப் வண்டியில் சென்றுகொண்டிருந்தனர். இலினோய் மாநில நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்தது. ஆசனப்பட்டி அணியாத இருவரும் வெளியே வீசப்பட்டனர். கவிழ்ந்த ஜீப்பில் மோதாதிருக்கத் திரும்பிய பாரலொறி மலின்ஸ்மீது மோதியது. அவருக்கு அப்போது 41 வயது. தோழர் படுகாயங்களோடு உயிர்தப்பினார்.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், கைவிடப்பட்ட பழைய ஆலயமொன்றில் அமர்ந்து, இயேசுவின் வாழ்வைப் பற்றிய புதிய பாடல்களைச் சாதாரண ஒலிநாடாக் கருவியொன்றில் மலின்ஸ் பாடிப் பதிந்திருந்தார். நண்பர்கள் அவற்றை 1998இல் இரண்டு இறுவட்டுகளாக வெளியிட்டனர். முதலாவதில் தேர்ந்த கலைஞர்கள் பக்கவாத்தியங்களோடு அப்பாடல்களைச் செம்மையாகப் பாடுகின்றனர். இரண்டாவதில் அந்த ஒலிநாடா அப்படியே இருக்கின்றது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அந்த வெற்று ஆலயத்தில் கேட்பதற்குக் கூட்டம் இல்லை. விற்பதற்கு மேசையும் இல்லை.