பாதியில் பாதி

1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் வரைந்த பென்சில் படம் ஒன்றைப் பார்த்தால், தாளின் ஓரத்தில் ஒரு நேர்கோடும் அதன் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகளும் சில எண்களும் இருக்கும். வெளியாளுக்கு அது கிறுக்கல். அங்கே வேலை செய்தவர்களுக்கு, அசைவின் வேகம் முழுக்க அதில்தான் இருந்தது. ‘டைமிங் சார்ட்’ என்பார்கள்.

மூத்த அனிமேட்டர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். தலை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இவைதான் ‘கீ’ படங்கள். நடுவில் வரவேண்டியவற்றை வரைய ‘இன்பிட்வீனர்’ என்று தனி ஆள் உண்டு. பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்தவர். அவர் இரண்டு தாளையும் லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சார்ட்டில் குறித்த இடங்களுக்கு ஏற்ப இடைப்படங்களை வரைந்து தள்ளுவார். குறுக்குக் கோடுகள் நெருங்கியிருந்தால் அசைவு மெதுவாகும், விலகியிருந்தால் பாயும். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும் என்பது கூலியும் நேரமும் மிச்சம் பிடிக்கும் வழி.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு கோடுகளுக்கு நட்டநடுவைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கைப் பிடிப்பது கடினம். அதனால் கூடியவரை பாதியாகவே பிரித்தார்கள். ஒரு கை நீண்டு வந்து நிற்க வேண்டுமா? முதல் இடைப்படம் பாதித் தூரத்தில், அடுத்தது மிச்சத்தில் பாதியில், அடுத்தது அதிலும் பாதியில். அதாவது 1/2, 3/4, 7/8. எடுத்த எடுப்பில் பாய்ந்து, போகப்போகத் தயங்கி நிற்கும் அசைவு. அந்தக் காலக் கார்ட்டூன்களின் துள்ளலில் கலைஞரின் கற்பனைக்கு இணையாக இந்த ‘பாதியில் பாதி’ வசதிக்கும் பங்கு உண்டு என்பேன். பின்னாளில் டிஸ்னி அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 கோட்பாடுகளைத் தொகுத்தபோது, மெல்லக் கிளம்பி மெல்ல நிற்பதும் அதில் ஒன்றாக இடம்பிடித்தது.

இன்பிட்வீனரின் நாற்காலிக்கு முதலில் ஆபத்து வந்தது ஹாலிவுட்டில் இல்லை, கனடாவின் ஒட்டாவாவில். அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக் என்ற பொறியாளர், டிஸ்னி அனிமேட்டர் ஒருவர் கருத்தரங்கில் இந்த வேலைமுறையை விளக்கக் கேட்டார். கீ படங்களை மனிதர் வரையட்டும், இடைப்படங்களைக் கணினி போடட்டும் என்று மார்செலி வீனுடன் சேர்ந்து இறங்கினார். அந்த முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் உருவாக்கிய ‘ஹங்கர்’ 1974இல் வந்தது. தின்று தின்று ஊதும் மனிதனைக் கடைசியில் பட்டினிக் கூட்டம் தின்றுவிடும் கதை. ஓர் உருவத்தின் கோடுகள் கரைந்து இன்னொன்றாக மாறும் அந்த வழுவழுப்பை இன்று பார்த்தாலும் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும். பர்ட்னிக், வீன் இருவருக்கும் 1997இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

1993இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள் வந்த பிறகு இந்த வேலை மேசைக் கணினிக்கு இறங்கியது. இன்று செல்போனிலேயே நடக்கிறது. டைம்லைனில் ஒரு சின்ன வைரக்குறி; அதுதான் கீஃப்ரேம். இரண்டு குறி வைத்தால் நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிவிடும். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. ஒரு தலைப்பு 24 ஃபிரேமில் 1200 பிக்சல் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சும்மா விட்டால் ஃபிரேமுக்கு 50 பிக்சல் வீதம் ஒரே சீராக வந்து, சட்டென்று முட்டி நிற்கும். கீஃப்ரேம்களைத் தேர்ந்து எஃப்9 விசையைத் தட்டினால் ‘ஈஸி ஈஸ்’. இப்போது முதல் ஃபிரேமில் 6 பிக்சல்தான் நகரும், நடுவில் 75 வரை ஏறும், முடிவில் மறுபடி அடங்கும். வேக வரைபடத்தைத் திறந்தால் காரணம் தெரியும். வளைகோட்டுக்கு அடியிலுள்ள பரப்புதான் கடந்த தூரம். தூரமும் நேரமும் மாறாதபோது, இரு முனையையும் அமுக்கினால் நடு எழும்பத்தான் செய்யும். அந்த வளைவை இழுக்கும் கைப்பிடிகள் கார் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. சித்ரோயனில் டி காஸ்டெல்ஜோவும் ரெனோவில் பெஸியேயும் கார் உடம்பு வரையக் கண்டுபிடித்த கணக்கு.

கேமராவில் பிடித்த காட்சிக்கும் இதே மாற்றம் நடந்தது. முன்பு ஸ்லோ மோஷன் வேண்டுமா என்பதைப் படப்பிடிப்பில் வைத்தே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. ஓடும் ஷாட்டின் நடுவில் வேகத்தை மாற்றினால் ஒளியும் மாறும். ஃபிரேம் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வெளிச்சம்தான். இப்போது 120 ஃபிரேமில் எடுத்துவைத்தால், 24இல் ஓட்டும்போது ஐந்து மடங்கு வரை தாராளமாக இழுக்கலாம். எந்த இடத்தில் இழுப்பது என்பதை எடிட்டர் சாவகாசமாக முடிவு செய்கிறார். அதற்கு மேல் இழுத்தால் மென்பொருள் இல்லாத ஃபிரேம்களைக் கற்பனை செய்யும். விரல்களின் ஓரம் உருகி வழியும்.

வசதி கூடிய இடத்தில் சலிப்பும் வந்தது. கேப்கட் என்ற எடிட்டிங் செயலியில் வேக வளைவுகளே ‘மான்டாஜ்’, ‘ஹீரோ’, ‘புல்லட்’ என்று பெயர் சூட்டித் தயாராக இருக்கின்றன. நம் ஊர்க் கல்யாண வீடியோக்களைப் பாருங்கள். எந்த மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினாலும் பாய்ச்சலும் நிதானமும் ஒரே அளவில்தான். ஈஸி ஈஸும் அப்படியே. இரு பக்கக் கைப்பிடிக்கும் 33.33 சதவீதம் என்ற அதே அளவை அது எல்லாருக்கும் வைக்கிறது. ஓர் எழுத்துக்கு அது பொருந்தலாம். விழும் கல்லுக்கும் சிலிர்க்கும் பூனைக்கும் எப்படிப் பொருந்தும்?

தேர்ந்த மோஷன் கிராஃபிக்ஸ்காரர்கள் எஃப்9 தட்டியதோடு நிறுத்துவதில்லை. கிளம்பும் கைப்பிடியைக் கிட்டத்தட்ட இல்லாமல் சுருக்கி, வந்து நிற்கும் பக்கத்தை 80, 90 என்று நீட்டுகிறார்கள். விளைவு முதலில் பாய்ச்சல், பிறகு நெடுந்தயக்கம். அதாவது பழைய இன்பிட்வீனரின் 1/2, 3/4, 7/8க்குப் பக்கத்தில்.

2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ இன்னும் ஒரு படி போனது. கணினி எல்லா ஃபிரேமையும் இலவசமாக நிரப்பித் தரக் காத்திருக்க, வேண்டாம் என்று சொல்லிப் பல இடங்களில் நொடிக்கு 12 நிலைகளே வைத்தார்கள். காட்டுக்குள் இருவர் வலைவீசித் தாவும் காட்சியில் அனுபவசாலி பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைகிறான்; கற்றுக்குட்டி மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை தட்டுத்தடுமாறி அசைகிறான். அவன் வித்தை தேறிய பிறகுதான் அவனுக்கும் 24 கிடைக்கிறது.