கிரீடம் தரித்த கிருமி

காஞ்சீபுரத்தில் வைகாசி கருட சேவை என்றால் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். அந்த அமளியில் கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "பல் முளைக்கிறது" என்பார் பாட்டி. "தொக்கம் விழுந்திருக்கிறது" என்பார் அடுத்த வீட்டு அம்மாள். 2020-க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "கொரோனாவாக இருக்குமோ?"

இந்தச் சந்தேகம் பழையதுதான், சகோதரிகளே! காஞ்சீபுரத்துக்கு மேற்கே, பஸ்ஸில் போய் வரும் தூரத்திலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1975-லேயே இது எழுந்தது. டாக்டர் மின்னி மாத்தன், டாக்டர் வி. ஐ. மாத்தன் முதலியோர் மலத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கிரீடம் போல் சுற்றிலும் முட்கள் நீட்டிய துகள்கள் தென்பட்டன. லத்தீன் மொழியில் 'கொரோனா' என்றால் கிரீடம் என்றுதானே பொருள்! கன்றுக்குட்டிகளுக்கு அந்த இனத்துக் கிருமி கடும் பேதியை உண்டாக்கும். ஆகவே சந்தேகம் நியாயமானதே. ஆனால் நோயில்லாதவர்களிடமும் அதே துகள்கள் இருந்தன! திருட்டு நடந்த தெருவில் நின்றவரெல்லாம் திருடர் ஆகிவிடுவாரா?

கோவிட் கண்ட குழந்தைகளில் சிலருக்கு வாந்தி, பேதி ஆனது மெய்தான். ஆயினும் குழந்தைகளின் கடும் பேதிக்குப் பெரிய குற்றவாளி வேறு: 1973-ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்த ரோட்டா வைரஸ். அதைத் தடுக்கும் மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 6, 10, 14-வது வாரங்களில் வாய்வழியே கொடுப்பார்கள், தவற விடாதீர்கள்.

கிருமி எதுவானாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து உடம்பில் நீர் வற்றுவதால்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் 14 நாள் கொடுங்கள். குழந்தையைக் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுப்பங்கரைக்குப் போங்கள்.

கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் குறைந்து குழந்தை துவண்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். தொக்கம் எடுக்க அழைத்துப்போய்ப் பொழுதைப் போக்காதீர்கள்.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் முதலில் முடிச்சுப் போடுவார். ஏன் அறுந்தது என்பதைப் பிறகு பார்ப்பார். கிருமியின் பெயரை டாக்டர் தேடட்டும். வற்றிய நீரை வார்ப்பது உங்கள் கைக் கரண்டியில் இருக்கிறது.