ஏரிக்கரை காட்டும் குறிகள்

ஏரி ஓரிரவில் உடைவதாக எண்ணுகிறோம். உண்மையில் கரை பல நாள் முன்னரே தன் நோயைக் காட்டிவிடுகிறது. ஆதலின் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கரைமுழுதும் நடந்து பார்த்தல் வேண்டும்.

நண்டு வளை, எலி வளை, கரையின் மேல் நீளவாட்டில் ஓடும் வெடிப்பு ஆகியவற்றை எவரும் கண்டுகொள்வர். பலர் கவனியாதது கசிவின் நிறம். வெளிச்சரிவின் அடியில் தெளிந்த நீர் சிறிது கசிவது பழைய மண்கரைகளில் உண்டு. அதனைக் கண்காணித்து வரலாம். கலங்கி வருமாயின், கரையின் மண்ணே உள்ளிருந்து அரித்துச் செல்லப்படுகிறது என்று பொருள். அப்போது களிமண்ணால் அடைப்பது தவறு. நீர் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே முதலில் மணலும் அதன்மேல் சரளையும் இட்டால், நீர் வடியும், மண் தங்கும்.

கலங்கலின் மேல் மூட்டை அடுக்கி நீரைக் கூடுதலாகத் தேக்கும் வழக்கத்தை எங்கள் ஒன்றியத்திலும் கண்டிருக்கிறோம். உழவரின் ஆசை நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் மிகைநீர் கலங்கலில் போகாவிடில் கரைமேல் ஏறி வழியும். மண்கரை அதனைத் தாங்காது. கீழே வீடுகள் இருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு மழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் பல உடைந்தன.

சாக்கு, மணல், சவுக்குக் கம்பு ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே கரையருகே சேர்த்துவைத்து, இரவுக் காவலுக்கு வீட்டுக்கொருவராக முறை வகுத்துக்கொள்ளுங்கள்.