நம் கணிப்பொறி, அவர்கள் வீடு

நாம் ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு கணிப்பொறியிடம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். அது எடுத்துக் கொடுக்கிறது. கேட்டவர்க்கெல்லாம் வழங்குவதால் அதற்கு ‘வழங்கி’ என்று பெயர். ‘சர்வர்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். அது அதிசயப் பிறவி அன்று. நம் பள்ளிக் கணிப்பொறிக்கு அக்காள் முறை, அவ்வளவுதான். ஆனால் அது உறங்கக் கூடாது. நற்கருணைப் பேழையின் முன் எரியும் விளக்கைப் போல இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். உலகின் முதல் வலை வழங்கியை 1990ஆம் ஆண்டு, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கினார். யாரும் அறியாமல் நிறுத்திவிடக் கூடாதே என்று, ‘இதை அணைக்காதீர்’ என்னும் பொருளில் சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது!

அப்படிப்பட்ட கணிப்பொறியை அலுவலக மேசைமேலேயே வைத்துக்கொண்டால் என்ன? வைக்கலாம், தடையில்லை. ஆனால் 2018 நவம்பர் 16ஆம் நாளை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கஜா புயலில் ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாட்களில் மேசைமேல் இருக்கும் வழங்கி யாருக்குப் பதில் சொல்லும்? புயல்கூட வேண்டாம், சித்திரை வெயிலும், கம்பியைக் கடிக்கும் ஓர் எலியும் போதும்.

இதற்காகவே வழங்கிகளைக் குடிவைக்கும் கட்டடங்கள் உள்ளன. இந்த ஏற்பாட்டைக் ‘கோ-லொகேஷன்’ என்பார்கள். ஆவுடையார்கோவிலைச் சேர்ந்த ஓர் அம்மாள், புதுக்கோட்டைக் கீழராஜவீதிக் கடையொன்றில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்துத் தம் தையல் இயந்திரத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடமும் மின்சாரமும் இரவுக் காவலும் கடைக்காரர் பொறுப்பு. இயந்திரம் அம்மாளுடையது, ஊசி ஒடிந்தால் அவர்தான் மாற்ற வேண்டும். கடைக்காரருடைய இயந்திரத்தையே வாடகைக்கு எடுப்பது வேறு வகை. வலையுலகில் அதுதான் அதிகம் வழக்கம்.

உள்ளே சென்றால் வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ‘ரேக்’ எனப்படும் இவற்றின் உயரத்தை ‘யூ’ என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம்; முழு அலமாரி பெரும்பாலும் 42 யூ. நம் வழங்கி ஓரிரண்டு யூவில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். பிடிக்கும் உயரம், குடிக்கும் மின்சாரம், இணைய இணைப்பின் வேகம் இவற்றைப் பார்த்து வாடகை பேசுவார்கள். மின்சாரம் நின்றால் பேட்டரிகள் அந்தக் கணமே தாங்கிக்கொள்ளும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். முன்புறம் குளிர்காற்று புகுந்து பின்புறம் வெப்பக்காற்றாக வெளியேறும். தீப்பிடித்தால் இயந்திரங்கள் நனைந்து கெடாதிருக்க, பல இடங்களில் நீருக்குப் பதில் வாயுவால் அணைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இத்தகைய கட்டடங்கள் அம்பத்தூர், சிறுசேரி போன்ற சென்னைப் பகுதிகளிலேயே மிகுதி. கடலடிக் கம்பிவடங்கள் சென்னையில் கரையேறுவது அதற்கு ஒரு காரணம். சிங்கப்பூரிலிருந்து வரும் ‘ஐ-டூ-ஐ’ வடம் 2002இல் இயங்கத் தொடங்கியது. இங்கிருந்து வழங்கியை அனுப்பிவிட்டால், அது நள்ளிரவில் முடங்கும்போது நாம் இரவு ரயிலேற வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான வேலைகளை இணையம் வழியாக இங்கிருந்தே செய்யலாம். பொத்தானை அழுத்தும் வேலையை அங்குள்ள பணியாளர் செய்வார். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே வைத்தாயிற்று, எல்லாம் பத்திரம் என்று எண்ணுகிறார்கள். வட்டு பழுதானாலும், திருடன் இணையம் வழியாக நுழைந்தாலும் பொறுப்பு நம்முடையதே. தனியே ஒப்பந்தம் செய்தாலன்றிக் கட்டடக்காரர் நம் கோப்புகளைப் படியெடுத்து வைப்பதில்லை. மறுபடி ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும். அரசும் அப்படித்தான் செய்கிறது. மாநிலத் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் இருக்க, பேரிடர்க் கால மாற்று மையம் நம் மாவட்ட எல்லைக்கு அருகே, திருச்சி நவல்பட்டில் உள்ளது.

ஒரு பள்ளியின் அறிவிப்புகளுக்கும் ஆண்டுமலருக்கும் இவ்வளவு செலவு வீண் என்பது என் எண்ணம். பலரோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை இடமே போதும். நோயாளிகளின் பல்லாண்டுப் பதிவேடுகளைத் தன் சொந்த இயந்திரத்திலேயே வைத்திருக்க விரும்பும் ஒரு மருத்துவமனைதான் வழங்கியின் விலையையும் மாத வாடகையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.