பென் சிப்லி

ஜோசப் பெனடிக்ட் சிப்லி (22 செப்டம்பர் 1885 – 13 சூன் 1951) ஆத்திரேலியாவின் 16-வது பிரதமர் ஆவார். தொழிற்கட்சியைச் சேர்ந்த இவர் 1945 முதல் 1949 வரை பதவி வகித்தார். இரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்து நாட்டின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர்.

ஆரம்ப வாழ்க்கை

நியூ சவுத் வேல்சு மாநிலத்தின் பாத்தர்சுட் நகரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையின் பெரும்பகுதியைத் தாத்தாவின் பண்ணையில் கழித்தார். 1903-இல் இரயில்வேயில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, படிப்படியாக எஞ்சின் ஓட்டுநரானார். 1914-இல் எலிசபெத் மெக்கன்சியை மணந்தார்.

தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் கணக்கிடும் அட்டை முறையை எதிர்த்து 1917-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் பங்கேற்றதால் சிப்லி பணிநீக்கம் செய்யப்பட்டார். மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது பணிமூப்பை இழந்திருந்தார். இதன் கசப்பு அவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது.

அரசியல் வாழ்க்கை

1928-இல் மக்குவாரி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்வானார். 1931-இல் தோற்று, 1940-இல் மீண்டும் வென்றார். 1941-இல் ஜான் கர்ட்டின் அரசில் நிதியமைச்சரானார். கர்ட்டின் 1945 சூலையில் பதவியிலிருக்கும்போதே காலமானார். பிராங்க் போர்டு ஒரு வாரம் மட்டும் பிரதமராக இருந்தபின், சிப்லி அப்பொறுப்பை ஏற்றார். நிதித்துறையையும் தாமே வைத்துக்கொண்டார்.

போருக்குப் பிந்தைய பெரும் குடியேற்றத் திட்டம், ஆத்திரேலியக் குடியுரிமைச் சட்டம், ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம், சுனோவி மலை நீர்மின் திட்டம் ஆகியவை இவரது ஆட்சியில் தொடங்கப்பட்டன. தனியார் வங்கிகளை நாட்டுடைமையாக்க 1947-இல் கொண்டுவந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது.

நிலக்கரி வேலைநிறுத்தம்

1949 சூன் இறுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 35 மணி நேர வேலை வாரம், ஊதிய உயர்வு முதலியவற்றைக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அங்கு அது குளிர்காலம். மின்சாரம் தட்டுப்பட்டது, ஆலைகள் மூடப்பட்டுப் பலர் வேலையிழந்தனர். வேலைநிறுத்தத்தின் பின்னணியில் பொதுவுடைமைக் கட்சி இருப்பதாக அரசு கருதியது. தொழிற்சங்க நிதி முடக்கப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றனர். ஆகத்து மாதத்தில் சுரங்கங்களில் கரி எடுக்க இராணுவம் அனுப்பப்பட்டது. இரு வாரங்களில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

வேலைநிறுத்தத்தால் பணியிழந்த ஒருவரே அதை முறியடிக்கப் படையை அனுப்பியது தொழிற்சங்கத்தாரிடையே நீங்காத மனக்குறையானது. நாடு இருளில் கிடக்க அரசு பார்த்திருக்க முடியாது என்பது அவரை ஆதரிப்போர் வாதம்.

இறுதிக்காலம்

1949 திசம்பர் தேர்தலில் ராபர்ட் மென்சீசிடம் ஆட்சியை இழந்தார். தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வர 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிப்லி எதிர்க்கட்சித் தலைவராகத் தொடர்ந்தார். பிரதமராக இருந்தபோதும் அரசு மாளிகையில் குடியேறாமல், கான்பராவில் குராஜோங் விடுதியின் சாதாரண அறையிலேயே தங்கினார். அவ்விடுதியில் மாரடைப்பு ஏற்பட்டு 1951 சூன் 13 அன்று காலமானார். பாத்தர்சுடில் அவர் வாழ்ந்த எளிய வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.