புரத ஆய்வுச் சேவைக்கூடம்

புரத ஆய்வுச் சேவைக்கூடம் என்பது ஆய்வாளர்கள் அனுப்பும் மாதிரிகளில் உள்ள புரதங்களைப் பிரித்து, இனங்கண்டு, அளந்து தரும் பொது ஆய்வகம் ஆகும். இது பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதியாக இயங்கும். விலை மிகுந்த கருவிகளை ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்காமல், ஓரிடத்தில் நிறுவிப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இயக்குவது இதன் நோக்கம். பயன்படுத்துவோர் பொதுவாக ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம் செலுத்துவர்.

வரலாறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் சாங்கர் இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிய ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. இதற்காக அவருக்கு 1958 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. புரதத்தின் ஒரு முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக நீக்கி இனங்காணும் முறையை சுவீடனைச் சேர்ந்த பேர் எட்மன் 1950 இல் வெளியிட்டார். 1967 இல் அவரும் ஜெஃப்ரி பெக்கும் இம்முறையைத் தானே செய்யும் கருவியை மெல்பேர்ணில் உருவாக்கினர்.

1981 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லெராய் ஹூட், மைக்கேல் ஹங்கப்பில்லர் ஆகியோரின் குழு, மிகக் குறைந்த அளவு புரதமே போதுமான கருவியை அறிவித்தது. இத்தகைய கருவிகள் விற்பனைக்கு வந்தபின், அவற்றைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் கூடங்கள் பல்கலைக்கழகங்களில் பெருகின.

ஆய்வு முறை

இன்று முதன்மையான கருவி நிறை நிறமாலைமானி ஆகும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டம் பெற்ற வளிம நிலைக்குக் கொண்டுவரும் முறைகளுக்காக ஜான் ஃபென், கொய்ச்சி தனாக்கா ஆகியோர் 2002 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றனர். ஆய்வு பொதுவாகப் பின்வருமாறு நடைபெறும்:

1. டிரிப்சின் என்னும் நொதி, புரதத்தை லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்து வெட்டுகிறது.
2. கிடைக்கும் சிறு துண்டுகள் நிறப்பகுப்பியல் முறையில் பிரிக்கப்படுகின்றன.
3. கருவி ஒவ்வொரு துண்டின் நிறையையும் அளந்து, அதனை மேலும் உடைத்து, உடைந்த பகுதிகளின் நிறையையும் அளக்கிறது.
4. கணினி இவ்வளவுகளை யூனிபுராட் போன்ற தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளுடன் ஒப்பிடுகிறது.

எனவே கருவி புரதத்தின் பெயரை நேரடியாகத் தருவதில்லை. அப்பெயர் ஒப்பீட்டின் மூலம் பெறப்படும் ஊகமே. ஆராயப்படும் உயிரினத்தின் வரிசைகள் தரவுத்தளத்தில் இல்லையெனில், சரியான புரதம் மாதிரியில் இருந்தும் அகப்படாமல் போகலாம்.

மாதிரியின் தூய்மை

மனிதத் தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் தூசியுடன் மாதிரியில் எளிதில் கலந்துவிடும். ஆராய வேண்டிய புரதம் மிகக் குறைவாக இருந்தால் கெரட்டின் அதனை மறைத்துவிடும். கையுறை அணிவதும், ஜெல் துண்டுகளைத் தூய்மையான இடத்தில் வெட்டுவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. புரதத்தைக் கரைக்கப் பயன்படும் சில அழுக்கு நீக்கிகளும் கருவியின் குறிகையைக் குறைப்பதால், அவற்றை முன்கூட்டியே அகற்ற வேண்டும்.

முடிவுகளின் நம்பகத்தன்மை

2009 இல் ஹியூப்போ எனப்படும் பன்னாட்டு மனிதப் புரதத்தொகுதி அமைப்பின் சோதனை ஒன்று வெளியிடப்பட்டது. 20 தூய மனிதப் புரதங்கள் சம அளவில் கலந்த ஒரே மாதிரி 27 ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. தொடக்கத்தில் 7 ஆய்வகங்கள் மட்டுமே 20 புரதங்களையும் சரியாக அறிவித்தன. ஆனால் மூலத் தரவுகளை ஓரிடத்தில் மீளாய்வு செய்தபோது, 27 ஆய்வகங்களின் தரவுகளிலும் 20 புரதங்களும் இருந்தமை தெரிந்தது. தவறவிட்ட இனங்காணல்கள், சுற்றுப்புற மாசு, தரவுத்தள ஒப்பீடு ஆகியவை சிக்கலுக்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

தவறான பொருத்தங்களை மதிப்பிட, திருப்பி எழுதப்பட்ட பொய் வரிசைகளும் தேடலில் சேர்க்கப்படுகின்றன. அவற்றுடன் எத்தனை பொருத்தங்கள் ஏற்படுகின்றன என்பதைக் கொண்டு பிழை வீதம் கணிக்கப்படுகிறது. 1 விழுக்காடு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஆகவே சேவைக்கூடம் அளிக்கும் புரதப் பட்டியலுடன் மூலத் தரவையும், தேடிய தரவுத்தளத்தின் பெயரையும், பிழை வரம்பையும் பெற்று வைத்துக்கொள்வது ஆய்வாளருக்கு இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

- புரதம்
- அமினோ அமிலம்
- இன்சுலின்
- நிறப்பகுப்பியல்